பெயர் கேட்கும் விடுதி



இந்த மேடையில் முந்தைய ஆண்டுகளில் பேசியவர்கள் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள். நான் ஓட்டல் தொழிலாளி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு கேட்டரிங் கல்லூரியில் ஹவுஸ்கீப்பிங் பாடம் நடத்துகிறேன். "செயற்கை நுண்ணறிவும் பண்பாடும்" என்று அமைப்பினர் தலைப்புக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த பண்பாடு சோறு போடுவதும் படுக்கை விரிப்பதும்தான், அதை வைத்துப் பேசலாமா என்று கேட்டேன். பேசச் சொன்னார்கள்.

யார் நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அவரை நான் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டேன். அடைமொழி வைத்தால் அவருக்குப் பிடிக்காது. 1980களின் கடைசியில் அவர் சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். சட்டைப் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். போகிற ஊர்களில் எல்லாம் டீக்கடையில் ஒரு டீ குடிப்பார். பிறகு வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று எழுதுவார்: ஊர்ப் பெயர், கடை எந்தத் தெருவில், நம் ஆட்களுக்குத் தரும் கிளாஸ் எங்கே மாட்டியிருக்கிறது, குடித்தபின் யார் கழுவி வைக்கிறார்கள், பெஞ்சில் உட்கார விடுகிறார்களா. சில பக்கங்களில் "சிரட்டை" என்று ஒரே ஒரு சொல் இருக்கும். பள்ளிக்கூடப் பையனாக நானும் இரண்டு மூன்று முறை கேரியரில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஒரு கடையில் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. "கோவம் அப்புறம் படலாம்டா, மொதல்ல கணக்கெடு" என்றார். இன்று நான் சொல்லப்போவதும் ஒரு கணக்கெடுப்பைப் பற்றித்தான்.

நம் அரசியல் சட்டத்தில் ஓட்டல் என்ற சொல் இருக்கிறது. மாணவர்கள் பிரிவு 17ஐ மனப்பாடமாகச் சொல்வீர்கள், தீண்டாமை ஒழிப்பு. அதற்குச் சற்று முன்னால் பிரிவு 15இன் இரண்டாம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகருக்கும் கடை, பொது உணவகம், ஓட்டல், பொழுதுபோக்கு இடம் ஆகியவற்றுக்குள் போவதில் தடை இருக்கக் கூடாது என்கிறது. அடுத்த வரியில் கிணறும் குளமும் படித்துறையும் சாலையும் வருகின்றன. இந்தத் தடை அரசாங்கத்துக்கு மட்டும் போட்டது அல்ல. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தனியார் முதலாளியையும் அது கட்டுப்படுத்தும்.

ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்குள் ஓட்டல் ஏன் வர வேண்டியிருந்தது என்பதற்கு அதை எழுதிய குழுவின் தலைவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனார். இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்று தெரியும். பார்சிகளுக்கான விடுதி ஒன்று இருந்தது. அதன் காப்பாளருக்கு அம்பேத்கர்மீது எந்த வெறுப்பும் இல்லை. வருமானம் இல்லாமல் கிடந்த மனிதர், ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சம்மதித்தார். ஆனால் பதிவேட்டில் பார்சி அல்லாதவர் பெயரை எழுத முடியாது. ஒரு பார்சிப் பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்றார். அம்பேத்கர் அதற்கு உடன்பட்டார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நின்றார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு இந்து நண்பரும் ஒரு கிறித்தவ நண்பரும் தங்கள் வீட்டில் இடம் தர முடியாமல் கையை விரித்தார்கள். ஊரின் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளில் இது இருக்கிறது.

ஓட்டல்காரனாக நான் இதைப் படிக்கும்போது என் கண் காப்பாளர்மீதும் பதிவேட்டின்மீதும் போகிறது. காப்பாளருக்குப் பணம் வேண்டும், ஆளை ஏற்றுக்கொள்கிறார். பதிவேடு ஏற்க மறுக்கிறது. ஆனாலும் அந்தப் பதிவேடு வெறும் தாள்தான். எழுதிய பெயரை அது நம்பியது, பதினோரு நாள் ஏமாறவும் செய்தது. இன்று ஓட்டல்களுக்கு வந்திருக்கும் பதிவேடு அப்படி ஏமாறாது. நாம் எழுதாததையும் அது நம்மைப் பற்றி ஊகிக்கிறது.

என் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். ஒரு பெரிய ஓட்டலில் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. ரிசப்ஷன், ரெஸ்டாரண்ட், பார் எல்லாம் முன்பக்கம். துணி வெளுக்கும் லாண்டரி, கழிவறை கழுவும் ஹவுஸ்கீப்பிங், எச்சில் பாத்திரம் விளக்கும் ஸ்டூவர்டிங் எல்லாம் பின்பக்கம். நடுவில் ஒரு ஸ்விங் கதவு. 1990களில் நான் டிப்ளமோ முடித்து ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். மதிப்பெண் நல்ல மதிப்பெண். ஆங்கிலமும் தட்டுத் தடுமாறி வரும். என்னைப் பார்த்தார்கள், ஊர் கேட்டார்கள், அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். "பர்சனாலிட்டி கொஞ்சம் போதாது, பின்னாடி நல்லா வருவீங்க" என்றார்கள். அன்று மாலையே ஸ்டூவர்டிங்கில் சேர்ந்தேன். அங்கே பார்த்தால் எங்கள் பக்கத்துப் பையன்கள்தான் இருந்தார்கள், எல்லோருக்கும் பர்சனாலிட்டி போதவில்லை. அந்தச் சொல்லுக்கு ஓட்டல் தொழிலில் என்ன பொருள் என்று அகராதியில் தேட வேண்டாம். நிறம், தெரு, பேச்சு மூன்றையும் ஒரே சொல்லில் சொல்வது அது.

நாங்கள் அந்தக் கதவைத் தாண்ட இருபது ஆண்டுகள் ஆயிற்று. என் வகுப்பிலிருந்து போன பிள்ளைகள் இன்று ரிசப்ஷனில் நிற்கிறார்கள், ரிசர்வேஷனில் தொலைபேசி எடுக்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அவர்கள் அங்கே போய் நின்ற நேரம் பார்த்துத்தான் எந்திரமும் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அது ஒரே நாளில் வரவில்லை. எந்த அறைக்கு எந்த நாளில் என்ன வாடகை என்று முடிவு செய்யும் மென்பொருள் முதலில் வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, மேனேஜருக்கு ஒரு தலைவலி குறைந்தது, அவ்வளவுதான். பிறகு முன்பதிவுச் செயலிகள் வந்து எந்த ஓட்டலை முதலில் காட்டுவது, எதைப் பத்தாம் பக்கத்துக்குத் தள்ளுவது என்று முடிவு செய்தன. பிறகு வாட்ஸ்அப்பில் "அறை இருக்கிறதா" என்று கேட்டால் பதில் சொல்லும் அரட்டை எந்திரம் வந்தது. விருந்தினர் எழுதும் விமர்சனத்துக்கு நன்றிக் கடிதத்தையும் இப்போது எந்திரமே எழுதுகிறது. ஆதாரையும் முகத்தையும் காட்டினால் அறைச் சாவியைத் தரும் பெட்டியைச் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். இதில் ஒவ்வொன்றும் ரிசர்வேஷன் பெண்ணின், ரிசப்ஷன் பையனின் வேலையில் ஒரு துண்டு. யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். போகிறவர் இடத்துக்குப் புது ஆள் எடுக்க மாட்டார்கள். என் கல்லூரிக்கு வேலைவாய்ப்பு முகாமுக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம் கேட்பது ஹவுஸ்கீப்பிங்குக்குத்தான். கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, கழிவறைக் கோப்பையைத் தேய்க்கும் எந்திரம் மலிவாக இன்னும் வரவில்லை. மனிதர் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் அதற்கு அவசரமும் இல்லை.

ஜப்பானில் நாகசாகி மாவட்டத்தில் 2015இல் 'ஹென்னா ஹோட்டல்' என்று ஒன்று திறந்தார்கள். ரோபோக்கள் நடத்தும் முதல் ஓட்டல் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. ரிசப்ஷனில் டைனோசர் பொம்மை நின்று வரவேற்கும். படுக்கைக்குப் பக்கத்தில் பேசும் பொம்மை ஒன்று. விருந்தினர் குறட்டை விட்டால் தன்னிடம்தான் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, நீங்கள் சொன்னது புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று எழுப்பிவிடுமாம். 2019 வாக்கில் இருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இதைச் சொன்னால் என் மாணவர்கள் சிரிப்பார்கள், எந்திரம் தோற்றுவிட்டது என்று நிம்மதிப்படுவார்கள். நான் நிம்மதிப்படச் சொல்லவில்லை. அது 2015இன் பொம்மை. இன்றைய எந்திரத்துக்கு டைனோசர் உடம்பு வேண்டியதில்லை, ஒரு தொலைபேசி போதும்.

அதே ஜப்பானில் இன்னொன்றும் இருக்கிறது. 2021இல் டோக்கியோவில் 'டான்' என்ற காப்பிக் கடையை நிரந்தரமாகத் திறந்தார்கள். அங்கேயும் ரோபோக்கள்தான் பரிமாறும். ஆனால் அந்த ரோபோக்களை இயக்கிப் பேசுவது படுக்கையைவிட்டு எழ முடியாத மாற்றுத்திறனாளிகள், தங்கள் வீட்டிலிருந்து. அவர்களுக்கு அது சம்பள வேலை. முதலாவதில் எந்திரம் ஆளை வெளியே அனுப்ப வந்தது, இரண்டாவதில் உள்ளே வர முடியாதவரை உள்ளே கொண்டுவர வந்தது. நம் பக்கத்தில் கேரளத்து இளைஞர்கள் 2018இல் 'பாண்டிகூட்' என்ற ரோபோவைப் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கினார்கள். மனிதரை மலக்குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்த பிறகும் ஐந்து ஆண்டு கழித்து. இன்றைக்கும் மலக்குழிச் சாவு செய்தியில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

போன ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி எழுந்து சொன்னதை இங்கே மறைக்கக் கூடாது. "சார், எனக்கு மெஷின்தான் புடிக்குது. லாட்ஜுக்குப் போனா மேனேஜர் மேலயும் கீழயும் பாக்குறாரு, எந்த ஊரு, யாரைப் பாக்க வந்தீங்கன்னு கேக்குறாரு. ஆப்ல யாரும் பாக்குறதில்ல." நான் உடனே பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அவள் சொன்னதில் நம் வரலாறே இருக்கிறது. ரயில், நகரம், காசு கொடுத்தால் யாருக்கும் டிக்கெட் தரும் கவுண்டர், இவையெல்லாம் நமக்கு விடுதலையின் பக்கம் நின்றவை. முகம் பார்த்துச் செய்யும் விருந்தோம்பலில் நாம் எப்போதும் திண்ணைக்கு வெளியேதான் நின்றோம். இராட்டையின் காலத்திலேயே அம்பேத்கர் எந்திரத்துக்காக வாதாடினார். 1945இல் வந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' நூலில் காந்தியத்தை விமர்சிக்கும் பகுதியைப் படியுங்கள். எந்திரம் இல்லாமல் உழைக்கும் மனிதருக்கு ஓய்வு இல்லை, ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை என்பது அவருடைய நிலை. ஆகவே எந்திரமே வேண்டாம் என்று நான் பேச வரவில்லை. அந்த மாணவியின் நம்பிக்கை சரியா, ஆப்பில் யாரும் பார்ப்பதில்லையா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏர்பிஎன்பி என்ற செயலியில் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள் அல்லவா. எடெல்மன், லூகா, ஸ்விர்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் ஐந்து நகரங்களில் சுமார் 6,400 வீட்டுக்காரர்களுக்கு அறை கேட்டு ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பினார்கள். பெயர் மட்டும்தான் வேறு. கறுப்பினத்தவரிடையே வழங்கும் பெயர் பாதிக் கடிதங்களில், வெள்ளையருடைய பெயர் பாதியில். கறுப்பினப் பெயர்களுக்குச் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவாக இருந்தது. 2017இல் ஆய்வு அச்சில் வந்தது. சம்மதம் சொல்லும்வரை விருந்தினரின் புகைப்படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டாமல் இருப்பதென்று 2018இல் அந்த நிறுவனம் முடிவெடுத்தது. இங்கே மறுத்தவர்கள் மனிதர்கள். செயலி செய்தது பெயரை எடுத்துக் கொடுத்ததுதான். அப்படி லட்சக்கணக்கான மனிதர்கள் ஏற்றதையும் மறுத்ததையும் பாடமாகப் படித்து, யார் நல்ல விருந்தினர் என்று தானே கற்றுக்கொள்ளும் எந்திரத்தை யோசித்துப் பாருங்கள். அது சாதி என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியை வெட்டிவிட்டோம், தலைப்பெழுத்தோடு நிற்கிறோம். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஓட்டலில் பெயர் மட்டுமா கேட்கிறார்கள்? ஆதாரைத் திருப்பினால் முகவரி இருக்கிறது. முகவரியில் 'காலனி' இருக்கிறது. மேலத்தெரு கீழத்தெரு இருக்கிறது. அந்த ஊர்க்காரருக்குத் தெருப் பெயரே போதும். 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. பலகையை மாற்றலாம், ஆவணத்தையும் மாற்றலாம். இத்தனை காலமும் இணையத்தில் கொட்டிக் கிடந்த வாக்காளர் பட்டியல்களையும் செய்திகளையும் வழக்கு விவரங்களையும் தின்று வளர்ந்த எந்திரத்தின் வயிற்றிலிருந்து அந்தச் சொல்லை யார் எடுப்பது?

இது வெறும் பயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் எந்திரங்களைச் சோதித்து எழுதியது. பாதி வாக்கியத்தைக் கொடுத்து இட்டு நிரப்பச் சொன்னார்கள். கெட்டிக்காரர் என்று வரும் இடத்தில் பார்ப்பனரையும், சாக்கடை சுத்தம் செய்பவர் என்று வரும் இடத்தில் தலித்தையும் சாட்ஜிபிடி போட்டது. சோதித்த 105 வாக்கியங்களில் 80இல் இப்படித்தான். படம் உருவாக்கும் சோராவிடம் தலித்தின் வேலை என்று கேட்டால் கறுத்த மனிதர் துடைப்பத்தோடு நிற்கும் படங்கள் வந்தன. அந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் பெங்களூரு ஆய்வாளர் ஒருவரைப் பற்றி வருகிறது. நம்மவர்தான். ஆய்வு உதவித்தொகைக்கான விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைச் சரிசெய்யச் சொல்லி எந்திரத்திடம் கொடுத்தார். அது மொழியைத் திருத்தியதோடு நிற்காமல் அவருடைய குடும்பப் பெயரை எடுத்துவிட்டு 'சர்மா' என்று போட்டுவிட்டது. பரோடா காப்பாளராவது இன்ன பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

பர்சனாலிட்டி என்றேனே, அதையும் எந்திரம் அளக்கத் தொடங்கியது. ஹில்டன் போன்ற பெரிய ஓட்டல் நிறுவனங்கள் ஆள் எடுக்கப் பயன்படுத்திய ஹயர்வ்யூ என்ற மென்பொருள், காணொளியில் பேசுபவரின் முகபாவத்தை அலசி மதிப்பெண் போட்டுவந்தது. எதிர்ப்பு வலுத்தபின் முகத்தை அலசுவதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்தது அமெரிக்காவில். நம் ஊரில் என்னை ஸ்டூவர்டிங்குக்கு அனுப்பிய அதிகாரியின் கண்ணை யாராவது மென்பொருளாக விற்றால் அதை நாம் எப்படிக் கண்டுபிடிப்போம்?

இனி பண்பாட்டுக்கு வருகிறேன். ஓட்டல் தொழிலில் பண்பாடு என்றால் மெனு கார்டு, சுற்றுலாக் கையேடு, சுவரில் மாட்டும் படம். இப்போது இவற்றை எழுத எந்திரத்தைத்தான் கேட்கிறார்கள். வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். மாணவர்கள் தங்கள் வீட்டில் விசேஷ நாளில் சமைப்பதைத் தாளில் எழுத வேண்டும். பிறகு ஒரு செயலியிடம் தமிழர் விருந்து என்று ஒரு மெனு கேட்க வேண்டும். செயலி தந்தது வாழையிலை, சாம்பார், அவியல், பாயசம், ஃபில்டர் காப்பி. கொஞ்சம் வற்புறுத்தியதும் செட்டிநாட்டுக் கோழி வந்தது. பிள்ளைகளின் தாளில் இருந்த குடல் குழம்பு, ரத்தப் பொரியல், உப்புக்கண்டம், மாட்டுக்கறிச் சுக்கா, கருவாட்டுத் தொக்கு, நத்தை எதுவும் இல்லை. ஒரு பையன் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதை நான் பார்த்தேன்.

இதில் எந்திரத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. அது நம் ஊர் அச்சில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்கிறது. காப்பி நம் மண்ணில் எப்போது வந்தது, அது எப்படி ஒரு சாதியின் அடையாளமாயிற்று என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியார் 1957இல் மறியல் நடத்த வேண்டியிருந்தது. பலகை போய்விட்டது. ஆனால் 2022 மே மாதத்தில் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்த மாவட்ட நிர்வாகம் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. ஆம்பூரில்! எதிர்ப்பு வந்தது, மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இதைப் பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் சைவச் சாப்பாட்டைக் கொண்டுபோகத் தனிப் பச்சைச் சட்டை ஆட்கள் என்று அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது, தனிப் பிரிவைக் கைவிடவில்லை. சட்டை இருந்தால் தெருவில் கண்ணுக்குத் தெரியும், போராடலாம். யார் எந்தச் சாப்பாட்டைத் தொடலாம் என்று செயலிக்குள் பிரித்தால் யார் பார்ப்பது? இரட்டைக் குவளையை வாத்தியார் எழுத முடிந்தது அது ஆணியில் தொங்கியதால்.

சரி, என்ன செய்யலாம்? புதிய சட்டம் கேட்பதற்கு முன் இருப்பதை எடுத்துப் பார்ப்போம். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இன்றைய பிரிவு 15 விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்ற சொல்லுக்குள் எது எது அடங்கும் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அம்பேத்கர் சொன்ன விளக்கம் நமக்கு இன்று பொன்னைவிடப் பெரியது. தன் சேவையை நாடி வரும் எவருக்கும் சேவை தரத் தயாராக இருப்பவரின் இடம் எதுவோ அது கடை, அந்தச் சொல்லைக் குறுகிய பொருளில் தான் பயன்படுத்தவில்லை என்றார். 2011இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டுதான் தனியார் கல்வி நிறுவனங்களையும் இந்தச் சொல்லுக்குள் கொண்டுவந்தது. அப்படியானால் முன்பதிவுச் செயலியும் கடைதான். இங்கே இருக்கும் வழக்கறிஞர் தோழர்கள் இதை வாதமாக எடுத்துப் போக வேண்டும் என்பது என் கோரிக்கை.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேரடியானது. நாலாவது பிரிவு ஓட்டலுக்குள் நுழைவதை மட்டுமா சொல்கிறது, அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைப் புழங்குவதையும் சொல்கிறது. டீக்கடைக் கிளாசுக்குச் சட்டம் எழுதியிருக்கிறார்கள், தோழர்களே! பன்னிரண்டாம் பிரிவைக் கவனியுங்கள். குற்றமாகும் ஒரு செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக நடந்தால், அது தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. பதினான்காம் பிரிவு நிறுவனங்களையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. 'கணினி அப்படிச் சொல்லிவிட்டது, எங்களுக்குக் காரணம் தெரியாது' என்று நாளை ஒரு நிறுவனம் சொல்லுமானால், காரணம் தெரியாது என்பது இந்தச் சட்டத்தின் முன் பதிலே ஆகாது என்று நாம் வாதாட இடமிருக்கிறது. அபராதம் சில நூறு ரூபாய்தான், சிறை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம். தண்டனை சிறியது என்பதால் யாரும் இந்தச் சட்டத்தைத் தொடுவதில்லை. நான் தண்டனைக்காகச் சொல்லவில்லை, கேள்வி கேட்கும் உரிமைக்காகச் சொல்கிறேன்.

கேள்வி கேட்கக் கையில் கணக்கு வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த முறை நமக்குப் புதிதல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி, வேறு வேறு சாதிப் பெயர் என்று விண்ணப்பம் அனுப்பிப் பார்த்து 2007இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதினார்கள். தலித் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்புக் கிடைக்கும் வாய்ப்பு உயர்சாதிப் பெயர்களோடு ஒப்பிட மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. இதையே அறைக்குச் செய்யலாம். ஒரே ஊர், ஒரே தேதி, ஒரே வகை அறை. இருவர் தங்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, சொந்த முகவரியோடு ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். பொய்ப் பெயர் வேண்டாம், அந்தக் காலம் பரோடாவோடு போகட்டும். என்ன வாடகை காட்டியது, எந்த ஓட்டலை முதலில் காட்டியது, சம்மதம் வந்ததா, வந்த பின் ரத்தானதா, அரட்டை எந்திரம் கூடுதலாக என்ன கேட்டது, எல்லாவற்றையும் திரைப் படமாக எடுத்து நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும். நூறு முறை செய்து ஒன்றுமே அகப்படாமலும் போகலாம். அப்படியானால் அந்த மாணவியிடம் போய் நீ சொன்னதுதான் சரியம்மா என்று சொல்லிவிட்டு வருவேன், எனக்கு மகிழ்ச்சிதான்.

விழுப்புரம், மதுரை, கோவை என்று மூன்று ஊர்களை முதலில் எடுத்திருக்கிறேன். ஒவ்வோர் ஊருக்கும் ஆறு பேர் வேண்டும், மூன்று ஜோடி. ஜோடியில் ஒருவர் நம் தெருவிலிருந்து, இன்னொருவர் ஊர்த் தெருவிலிருந்து. அப்படிப்பட்ட சிநேகிதம் உங்கள் கல்லூரிகளில் நிச்சயம் இருக்கும். பதிவு செய்ய நான் கொண்டுவந்திருப்பது நாற்பது பக்க நோட்டுதான், வாத்தியாரின் அதே கட்டங்களைப் போட்டிருக்கிறேன், கிளாஸ் என்ற இடத்தில் மட்டும் வாடகை என்று மாற்றியிருக்கிறேன். எக்செல் தெரிந்தவர் யாராவது அதைக் கணினியில் ஏற்றித் தரலாம். டீ வந்துவிட்டது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். குடித்துவிட்டு வலது பக்க மேசைக்கு வாருங்கள், பெயர் எழுதிக்கொள்கிறேன்.